கங்காரு வாலும் ஒரகடத்து முழங்காலும்!

ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஒரகடம் ஜங்ஷனில் கொஞ்சம் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இளைஞர்களில் இரண்டு ரகம் கண்ணில் படும். ஒருத்தர் முழங்கையில் வெல்டிங் பொறி பட்ட தழும்பைத் தடவிக்கொண்டிருப்பார். இன்னொருத்தர் எட்டு மணி நேரம் நின்ற முழங்காலை நீவிக்கொண்டிருப்பார். விசாரித்தால் இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான்: "இருபத்தஞ்சு வயசுதானே சார், தானா சரியாயிடும்!"

முதல் ஆசாமி சொல்வது பெரும்பாலும் சரி. இரண்டாவது ஆசாமி சொல்வதுதான் இடிக்கிறது!

தோலுக்கும் மூட்டுக்கும் அஸ்திவாரம் ஒரே வகைப் புரதம். பெயர் கொலாஜன். நம் உடம்பிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுதான். அது எப்படியிருக்கும் என்ற ரகசியம் எங்கே உடைந்தது தெரியுமோ? லண்டனில் இல்லை. ஒரகடத்திலிருந்து ஒரு பஸ் பயணத்தில் போய்விடக்கூடிய நம்ம கிண்டியில்!

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராக இருந்தவர் ஜி.என்.ராமச்சந்திரன். 1952-ல் சென்னை வந்த ஆங்கிலேய விஞ்ஞானி பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். பொறி பற்றிக்கொண்டது. எக்ஸ்ரே படம் எடுக்கச் சுத்தமான கொலாஜன் வேண்டுமே? பக்கத்திலேயே அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். அவர்கள் மூலம் வந்து சேர்ந்தது, கங்காரு வாலின் தசைநாண்!

அதை வைத்து ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அடுத்த வருஷமே அதைத் திருத்தி மெருகேற்றினார்கள். விஷயம் இதுதான்: கொலாஜன் என்பது மூன்று புரி சேர்த்து முறுக்கிய கயிறு. நம்ம ஊர் தேங்காய் நார்க் கயிறு மாதிரியேதான். உலகம் அதற்கு 'மெட்ராஸ் ஹெலிக்ஸ்' என்றே பெயர் வைத்தது.

இனி தோல் கதை. மேலாகச் சுட்ட காயத்தில் மயிர்க்கால்களின் அடியில் தோல் செல்கள் மிச்சமிருக்கும். அங்கிருந்து புதுத் தோல் முளைக்கும். அதுவரை புண்ணை மூடி வைக்க, மாட்டுத் திசுவிலிருந்து எடுத்த கொலாஜனை மெல்லிய படலமாக்கி ஒட்டுகிறார்கள். அடையாறு நிலையம் இதிலும் நிறைய உழைத்திருக்கிறது. தினமும் கட்டுப் பிரித்து நோயாளியை அலற வைக்கும் வேலை மிச்சம்.

ஆழமாக வெந்துவிட்டால் படலம் மட்டும் போதாது. தொடையிலிருந்து அரை மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில் சொந்தத் தோலைச் சீவி எடுத்து ஒட்டவேண்டும். தோல் போதாவிட்டால்? கல்யாண வீட்டுக் காகிதத் தோரணம் போல் வரிசையாகக் கீறி, இழுத்து விரித்துப் பரப்புவார்கள். தோல் கொடுத்த தொடை, சுமார் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். 1975-ல் அமெரிக்காவில் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் மனிதத் தோல் செல்களை லேபரட்டரித் தட்டிலேயே பயிர் செய்து காட்டினார்கள். தபால்தலை அளவு தோலிலிருந்து பெரிய விரிப்பே வளர்க்க அது வழிவிட்டது.

மூட்டு மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது?

எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாது. லாரி போகாத ரோட்டில் ரிப்பேர் சாமான் எப்படி வந்து இறங்கும்? 1950, 60-களில் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்ததில், காற்றில் கார்பன்-14 எகிறியது. சாப்பாடு வழியே எல்லோர் உடம்பிலும் ஏறியது. டென்மார்க் விஞ்ஞானிகள் பலருடைய முழங்கால் குருத்தெலும்பில் அதை அளந்து, 2016-ல் முடிவைச் சொன்னார்கள்: வளர்ந்து முடித்த பிறகு அங்கே கொலாஜன் அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை!

பி.காம். பாஷையில் சொன்னால், தோல் என்பது சேவிங்ஸ் அக்கவுன்ட். எடுத்தாலும் மறுபடி வந்து சேரும். முழங்கால், இளவயதில் ஒரே தடவை போட்ட டெபாசிட். அப்புறம் எழுதுவதெல்லாம் தேய்மானக் கணக்குதான்.

"கொலாஜன் பவுடர் விற்கிறானே சார்?" என்பீர்கள். வயிற்றுக்குள் போனதும் அந்தக் கயிறு துண்டு துண்டாகிவிடும். முழங்கால் அட்ரஸ் விசாரித்து நேராகப் போய் உட்காராது!

அதற்குப் பதில் செலவில்லாத நாலு காரியம்:

சுட்டுக்கொண்டால் மோதிரம், வாட்ச்சைக் கழற்றிவிட்டு, உடனே 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், மஞ்சள், ஐஸ்... எதுவும் வேண்டாம். காயம் பெரிதென்றாலும், கெமிக்கல், கரன்ட் என்றாலும் டாக்டரிடம் ஓடுங்கள்.

தொப்பையைக் குறையுங்கள். மூட்டுத் தேய்மானம் உள்ள பருமனானவர்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2005-ல் வெளியான ஆய்வுப்படி, ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நாலு கிலோ பாரம் குறைகிறது. பைசா வட்டி இல்லாத லாபம்!

தொடைத் தசையைப் பலப்படுத்துங்கள். முழங்காலுக்கு அதுதான் ஷாக் அப்சார்பர்.

காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் வீங்கி, அரை மணிக்கு மேல் மடக்க முடியாமல் இருந்தால், அது தேய்மானம் அல்லாமல், உடம்பின் காவல்படையே மூட்டைத் தாக்கும் முடக்குவாதமாக இருக்கலாம். சீக்கிரம் மருந்து ஆரம்பித்தால் மூட்டு பிழைக்கும்.

ஒரகடத்தில் தயாராகும் வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் உண்டு. அதைத் தயாரிக்கிறவரின் முழங்காலுக்கு, ஒரிஜினல் பார்ட் எந்தக் கடையிலும் ஸ்டாக் இல்லை!