முடக்குவாத மருந்துச் செலவு: நாம் அறிய வேண்டியதும் கேட்க வேண்டியதும்





மருத்துவ உதவி கேட்டு நமது டிரஸ்டுக்கு வரும் மனுக்களில் மூட்டு நோய் பற்றியவை கூடி வருகின்றன. சென்ற மாதம் பீடி சுற்றும் தாயார் ஒருவர் மகளோடு வந்தார். எழுதப் படிக்கத் தெரிந்தவர். ஆனாலும் மனுவில் கையெழுத்திடப் பேனாவைப் பிடிக்க முடியாமல் கைநாட்டு வைத்தார். பஜ்ருக்கு ஒளுச் செய்யக் குழாயைத் திருகவும் மகள்தான் உதவ வேண்டுமாம். "பெரிய டாக்டரிடம் போனால் செலவாகும்" என்று பயந்து, மூன்று ஆண்டுகளாகக் கடையில் வலி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். இதற்குள் விரல்கள் கோணிவிட்டன. இந்த நிலை இன்னொரு வீட்டில் வரக் கூடாது என்றே இதை எழுதுகிறோம்.

மூட்டுவலி எல்லாம் ஒன்றல்ல. வயதானவர்களுக்கு முழங்கால் தேய்வது ஒரு வகை. முடக்குவாதம் வேறு. உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் மூட்டுகளைத் தாக்குவதால் அது வருகிறது. பெண்களுக்கே அதிகம் வருகிறது. முப்பது, நாற்பது வயதிலும் வரும். இரு கைகளிலும் சிறு மூட்டுகள் வீங்குவதும், காலையில் எழுந்ததும் அரை மணி, ஒரு மணி நேரம் விரல்கள் மடங்காமல் விறைத்திருப்பதும் இதன் அடையாளங்கள். இப்படி ஆறு வாரம் நீடித்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வலி மாத்திரை வலியை மட்டுமே குறைக்கும். மூட்டு அரிக்கப்படுவதைத் தடுக்காது. தடுப்பவை மெத்தோட்ரெக்ஸேட், சல்பாசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் போன்ற மருந்துகள். இவை பழைய மருந்துகள் என்பதால் விலை குறைவு. பெரும்பாலோருக்கு மாதம் சில நூறு ரூபாயில் முடியும். மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் மூலப்பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், இன்னும் குறையலாம்.

ஓர் எச்சரிக்கை. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரு நாள் மட்டுமே. தவறி தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது. குழந்தை பெற எண்ணும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பெயர் தெரியாத பொடி, சூரணங்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கக் கூடும். உடனே சுகம் தெரியும். பிறகு சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும்.

மாத்திரை மலிவு என்றால் குடும்பங்கள் ஏன் தடுமாறுகின்றன? சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, நகரத்துக்குப் பேருந்துச் செலவு, போய்வரும் நாளின் கூலி இழப்பு, துணைக்கு வருபவரின் கூலி இழப்பு இவையே சுமை. மாத்திரைக்குக் கட்டுப்படாதவர்களுக்கு அடலிமுமாப் போன்ற ஊசிகள் தேவைப்படும். அந்த ஊசிக்கு இணையான மருந்து 2014-ல் உலகிலேயே முதன்முதலாக இந்தியாவில்தான் விற்பனைக்கு வந்தது. விலை குறைந்தும், மாதம் பல ஆயிரம் ஆகும் மருந்து ஏழைக்கு எட்டாததே.

இருக்கும் உதவிகளை முதலில் பயன்படுத்துவோம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை பெறலாம். ஆனால் அது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே உதவும். மாதாந்திர மாத்திரைக்கு உதவாது. பீடித் தொழிலாளர் அடையாள அட்டை உள்ளோர் மத்திய தொழிலாளர் நல மருந்தகங்களை அணுகலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் முடக்குவாதம் தனியாக இல்லை. எனினும் மூட்டுகள் நிரந்தரமாக முடங்கியிருந்தால், கை கால் இயக்கக் குறைபாடு என்ற வகையில் 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் சான்று பெற்று உதவிகளுக்கு மனுச் செய்யலாம்.

அடுத்து, கேட்க வேண்டியதைக் கேட்போம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அதுபோல் முடக்குவாத மாத்திரைகளும் ஒரு மாதத்துக்குச் சேர்த்து வட்ட மருத்துவமனையிலேயே கிடைக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையும் அங்கேயே நடக்க வேண்டும். வெளிநோயாளியாக ஊசி போடுவோருக்கும் காப்பீடு வேண்டும். இம்மூன்றையும் கேட்டு, திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரின் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுக்க இருக்கிறோம். இந்த நோய் எல்லாச் சமுதாய வீடுகளிலும் இருக்கிறது. அண்டை வீட்டாரையும் சேர்த்தே கையெழுத்து வாங்குவோம்.

நோய்க்கு மருந்து தேடச் சொன்னவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். மருந்து இருந்தும் பணமில்லாமல் ஒருவரின் கை முடங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது நமக்கு அழகல்ல. ஜகாத் பெறத் தகுதியுள்ள நோயாளிகளின் பரிசோதனை, பயணச் செலவுக்கென உங்கள் பங்கைத் தாருங்கள். வீட்டில் இந்த நோய் உள்ளவர்கள் மருத்துவச் சீட்டு, மருந்து ரசீதுகளின் நகலோடு ஜும்ஆவுக்குப் பின் அலுவலகம் வாருங்கள். மனுவோடு இணைக்க அவை தேவை. பெண்கள் வர இயலாவிட்டால் வீட்டாரிடம் கொடுத்தனுப்பலாம்.

அந்தத் தாயார் இப்போது சரியான மருந்தைத் தொடங்கியிருக்கிறார். கோணிய விரல் மருந்தால் நிமிராது. மற்ற விரல்களைக் காப்பாற்றலாம், இன்ஷா அல்லாஹ். அவருக்காக துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்