முதல் கப்பல் கிட்: எம்டனைத் தேர்ந்தெடுத்தோம்

அக்கா மகன் கோடை விடுமுறைக்கு வந்தால் 20 நாட்கள் இருப்பான். இம்முறை கேம்ஸை மூடி வைத்துவிட்டு இருவரும் சேர்ந்து ஒரு மாடல் கப்பல் கட்டுவதாக முடிவு செய்தோம். அந்த 20 நாட்களுக்குள் முடியாவிட்டால் கப்பல் பரணுக்குப் போய்விடும். எனவே எந்த கிட் வாங்குவது என்பதுதான் முக்கியக் கேள்வி.

எச்.எம்.எஸ். விக்டரி போன்ற பாய்மரக் கப்பல்கள் அட்டைப்படத்தில் அழகாக இருக்கும். ஆனால் கயிறு கட்டும் வேலையில் பெரியவர்களே பொறுமை இழந்துவிடுவார்கள். அடுத்தது டைட்டானிக். 269 மீட்டர் கப்பல், 1:1000 ஸ்கேலில் 27 செ.மீ. தான். அக்காடமி நிறுவனத்தின் கிட்டில் பாகங்கள் வண்ணத்திலேயே வருகின்றன. சுலபம்தான், ஆனால் பையனுக்கு அதில் ஆர்வமில்லை.

என் அம்மா அவனை அடிக்கடி "சரியான எம்டன்" என்பார். அது ஒரு கப்பலின் பெயர் என்றதும் கண்கள் விரிந்தன. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு வீசிய ஜெர்மன் போர்க்கப்பல் அது. அந்தத் தாக்குதலைச் சொல்லும் கல்வெட்டை உயர் நீதிமன்ற வளாகத்தில் பார்க்கலாம். ரெவெல் நிறுவனம் இதை 1:350 ஸ்கேலில் வெளியிட்டிருக்கிறது. நீளம் சுமார் 34 செ.மீ. டிவி மேல் வைக்க முடியாது, புத்தக அலமாரிக்குச் சரி.

வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பல கிட்களின் செய்முறைத் தாள் பிடிஎப் வடிவில் இணையத்தில் கிடைக்கிறது. அதை டவுன்லோட் செய்து பிரிண்ட் எடுங்கள். யார் எதைச் செய்வது என்று இரண்டு நிற பேனாவால் குறியுங்கள். பையனின் நிறம் நான்கு பக்கத்துக்கு ஒருமுறைதான் வருகிறதென்றால் அந்த கிட் வேண்டாம். எம்டன் புதியவர்களுக்குக் கொஞ்சம் கடினமே. உடல்பகுதி, மேல்தளம், புகைபோக்கிகள் அவனுக்கு. இடுக்கியால் பிடிக்க வேண்டிய பீரங்கிகள் எனக்கு என்று பிரித்தபோது கணக்கு சரியாக வந்தது. பெயின்ட்டில் அக்ரிலிக் வாங்குங்கள், தண்ணீரிலேயே பிரஷ்ஷைக் கழுவலாம். பசை ஒட்டும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும்.

எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். பிரிட்டிஷ் கப்பல் என்று நம்பவைக்க போலியாக நான்காவது ஒன்றை எழுப்பிக்கொண்டுதான் 1914 அக்டோபர் 28 அன்று பினாங்குக்குள் நுழைந்து, ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. அந்த நான்காவதை நாங்களே செய்தோம். புகைபோக்கியின் விட்டத்தை 3.14ஆல் பெருக்கி, ஒட்டுவதற்கு 2 மி.மீ. கூட்டி, வேர்டில் ஒரு செவ்வகம் வரைந்தோம். பிரிண்ட் எடுக்கும்போது 'ஃபிட்' வேண்டாம், 'ஆக்சுவல் சைஸ்' தேர்வு செய்யுங்கள். இல்லாவிட்டால் அளவு மாறிவிடும்.

சுருட்டி ஒட்டியதைக் கப்பலில் பதிக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டான். "பசை போடாதீங்க மாமா. எதிரி வரும்போது மட்டும் மாட்டிக்கலாம்."