காரைக் கண்டுபிடித்தவர் யார்? ஒரு கேள்வி, பல சொந்தக்காரர்கள்

உலகின் பல நாடுகளில் வாழும் நம் உறவுகள் ஒரு திருமண வீட்டில் கூடும்போது, அங்கே ஓடித்திரியும் பிள்ளைகளிடம் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: "காரைக் கண்டுபிடித்தவர் யார்?" யேர்மனியில் வளரும் பிள்ளை தயங்காமல் கார்ல் பென்ஸ் என்று சொல்லும். பிரான்சிலிருந்து வந்த பிள்ளை கூன்யோ என்ற பெயரைச் சொல்லக்கூடும். ஒஸ்திரியாவில் வளர்ந்த பிள்ளைக்குச் சீக்ஃபிரீட் மார்க்குஸ் நினைவுக்கு வரலாம். கனடாவிலும் அமெரிக்காவிலும் ஹென்றி ஃபோர்ட் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இவர்களில் யார் சொல்வது சரி? நாம் "கார்" என்று எதைச் சொல்கிறோம், "கண்டுபிடித்தார்" என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை மாறுகிறது. ஆனால் இது வெறும் சொல் விளையாட்டும் அல்ல. இந்தக் கேள்விக்காகப் பல ஆண்டுகள் வழக்காடியிருக்கிறார்கள். ஒரு மனிதரின் பெயரை நூல்களிலிருந்தே நீக்க ஓர் அரசு உத்தரவிட்டிருக்கிறது.

நீராவியில் தொடங்கிய பயணம்

குதிரை இல்லாமல், தன் சொந்த வலுவில் தெருவில் நகர்ந்த வண்டியே கார் என்றால், பதில் பிரான்சில் இருக்கிறது. நிக்கோலா யோசஃப் கூன்யோ என்ற இராணுவப் பொறியியலாளர் 1769இல் ஒரு நீராவி வண்டியைச் செய்தார். அடுத்துச் செய்த பெரிய வண்டி பீரங்கிகளை இழுப்பதற்கானது. மூன்று சக்கரங்கள், முன்சக்கரத்துக்கு முன்னால் ஒரு பெரிய கொதிகலன். ஏறக்குறைய நான்கு தொன் பாரத்தை, மனிதர் நடக்கும் வேகத்தில் இழுப்பதே நோக்கம். ஆனால் கால் மணி நேரம் ஓடுவதற்குள் நீராவி தீர்ந்துவிடும். மறுபடியும் நிறுத்திக் கொதிக்கவைக்க வேண்டும். அது ஒரு சுவரில் மோதியது என்ற கதையும் உண்டு. அது பல ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது. இராணுவம் திட்டத்தைக் கைவிட்டாலும் வண்டி தப்பியது. இன்றும் பாரிஸ் நகரிலுள்ள கலை, கைவினை அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம்.

பிரித்தானியாவில் 1801ஆம் ஆண்டு நத்தாருக்கு முந்திய நாள், ரிச்சர்ட் ட்ரெவிதிக் கோர்ன்வாலின் கம்போர்ன் நகரில் நீராவி வண்டியில் ஆட்களை ஏற்றி மேட்டில் ஓட்டிக் காட்டினார். பின்னர் அங்கே நீராவி வண்டிகள் பெருகினாலும், 1865இல் வந்த ஒரு சட்டம் அவற்றைக் கட்டிப்போட்டது. நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல் என்பதே உச்ச வேகம். வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடியுடன் நடந்து போக வேண்டும். பிரித்தானியா இந்தத் துறையில் பின்தங்கியதற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 1896இல்தான் அந்த வேகத் தடை பெரிதும் தளர்ந்தது.

நீராவி வண்டியின் அடிப்படைச் சிக்கல், நெருப்பு எஞ்சினுக்கு வெளியே எரிவது. அதனால் கொதிகலன், தண்ணீர், நிலக்கரி எல்லாவற்றையும் வண்டியே சுமக்க வேண்டும். எரிபொருளைச் சிலிண்டருக்குள்ளேயே எரித்தால் இந்தப் பாரம் குறையும். இந்த எண்ணமும் பழையதுதான். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ஐசாக் டி ரிவாஸ் 1807இலேயே ஐதரசன் வாயுவால் இயங்கும் எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றார். பாரிசில் எத்தியன் லெனுவார் 1860இல் வாயு எஞ்சினைச் செய்தார். அதைப் பொருத்திய வண்டியொன்று சில ஆண்டுகளில் ஓடியது. ஆனால் அந்த எஞ்சின் எரிபொருளை வாரி விழுங்கியது, வலுவோ குறைவு.

நான்கு அடிகளில் ஒரு திருப்பம்

உண்மையான திருப்பம் 1876இல் வந்தது. யேர்மனியைச் சேர்ந்த நிக்கோலஸ் ஓட்டோ, நான்கு அடிகளில் இயங்கும் எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டினார். முதல் அடியில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை உள்ளே இழுக்கும். இரண்டாவதில் அதை நெருக்கி அழுத்தும். மூன்றாவதில் அது எரிந்து பிஸ்டனைத் தள்ளும். நான்காவதில் புகை வெளியேறும். எரிப்பதற்கு முன் அழுத்துவதுதான் இதன் சூட்சுமம். குறைந்த எரிபொருளில் கூடிய வலு கிடைக்கிறது. இன்று நாம் ஓட்டும் பெற்றோல் கார்களில் மிகப் பெரும்பாலானவை இதே முறையில்தான் இயங்குகின்றன.

ஓட்டோவின் காப்புரிமையும் தகராறிலிருந்து தப்பவில்லை. அல்போன்ஸ் போ டு றொஷா என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் இதே நான்கு அடி முறையை 1862இலேயே எழுத்தில் விளக்கியிருந்தார். அவர் எஞ்சின் எதையும் செய்யவில்லை. ஆனாலும் அந்த எழுத்தை வைத்து, 1886இல் யேர்மன் நீதிமன்றம் ஓட்டோவின் உரிமையை நீக்கியது. எண்ணியவர் ஒருவர், செய்து காட்டியவர் வேறொருவர். யாருக்கு உரிமை என்ற கேள்வி இங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஒரே ஆண்டில் இருவர்

ஓட்டோவின் எஞ்சின் தொழிற்சாலைத் தரையில் நிலையாக நிற்கும் பாரமான இயந்திரம். அதை வண்டியில் ஏற்றும் அளவுக்குச் சிறிதாக்கும் வேலையை இரண்டு இடங்களில், ஒருவரையொருவர் அறியாமல் செய்துகொண்டிருந்தார்கள். மன்ஹைம் நகரில் கார்ல் பென்ஸ். ஸ்டுட்கார்ட் அருகே கான்ஸ்டாட்டில் கொட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாஹும். இரண்டு இடங்களுக்கும் இடையே ஏறக்குறைய நூறு கிலோமீற்றர்தான்.

பென்ஸ் 1886 ஜனவரி 29 அன்று தன் வண்டிக்குக் காப்புரிமை விண்ணப்பம் கொடுத்தார். அதன் எண் 37435. மூன்று சக்கரங்கள், ஒரே சிலிண்டர், ஒரு குதிரைவலுவுக்கும் குறைவான எஞ்சின், மணிக்கு 16 கிலோமீற்றர் வேகம். அதே ஆண்டில் டைம்லரும் மைபாஹும் தங்கள் எஞ்சினை ஒரு குதிரை வண்டியில் பொருத்தி ஓட்டினார்கள். முந்திய ஆண்டே இரு சக்கர வண்டியொன்றில் அதைச் சோதித்திருந்தார்கள்.

வேறுபாடு என்னவென்றால், டைம்லர் முதலில் எஞ்சினையே பெரிதாக எண்ணினார். வண்டி, படகு என எதிலும் அதைப் பொருத்தலாம் என்பது அவர் நோக்கு. பென்ஸோ எஞ்சினையும் சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்து ஒரே பொருளாகத் திட்டமிட்டார். செய்ததோடு நில்லாமல் விற்கவும் தொடங்கினார். "முதல் கார்" என்ற பட்டம் பெரும்பாலும் அவருக்குப் போவதற்கு இதுவே காரணம்.

ஆனால் அந்த வண்டியால் என்ன பயன் என்று உலகுக்குக் காட்டியவர் அவருடைய மனைவி பேர்த்தா. திருமணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தைக் கொடுத்து அவர் தொழிலைக் காப்பாற்றியவரும் அவரே. 1888 ஓகஸ்டில், கணவருக்குச் சொல்லாமல், இரண்டு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிச் சென்றார். வழியில் வீஸ்லோஹ் என்ற ஊரின் மருந்துக் கடையில் கறை நீக்கும் திரவத்தை வாங்கி எரிபொருளாக ஊற்றினார். அடைபட்ட குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். தேய்ந்துபோன பிறேக் கட்டைக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைப்பித்தார். மேடுகளில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். வீடு திரும்பியதும், மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று கணவரிடம் சொன்னார். யேர்மனியில் வாழும் நம்மவர்கள் இன்று அவர் பெயரால் அழைக்கப்படும் அந்தப் பாதையில் தாங்களும் ஓட்டிச் செல்லலாம்.

செய்யாமலே உரிமை கேட்டவர்

அமெரிக்காவில் நடந்தது வேறு கதை. ரொச்செஸ்டர் நகரைச் சேர்ந்த ஜோர்ஜ் செல்டன் காப்புரிமை வழக்கறிஞர். 1879இல் தெருவில் ஓடும் எஞ்சின் வண்டிக்கு விண்ணப்பம் கொடுத்தார். கொடுத்துவிட்டு, அதில் திருத்தங்கள் செய்துகொண்டே காலத்தை இழுத்தார். காப்புரிமையின் 17 ஆண்டுகள் அது வழங்கப்படும் நாளிலிருந்துதான் எண்ணப்படும் என்பது அவருக்குத் தெரியும். 1895 நவம்பரில், கார்த் தொழில் தலையெடுக்கும் நேரத்தில், உரிமை கைக்கு வந்தது. அதுவரை அவர் ஒரு காரும் செய்திருக்கவில்லை.

பெரிய தயாரிப்பாளர்கள் அந்த உரிமையைச் சுற்றி ஒரு சங்கம் அமைத்தார்கள். கார் செய்கிற ஒவ்வொருவரும் கட்டணம் செலுத்த வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு. 1903இல் புதிதாகத் தொழில் தொடங்கிய ஹென்றி ஃபோர்ட் கட்ட மறுத்தார். 1909இல் நீதிமன்றம் செல்டன் பக்கம் தீர்ப்பளித்தது. சிறிய நிறுவனங்கள் பல பணிந்தன. ஃபோர்ட் பணியாமல் மேன்முறையீடு செய்தார்.

1911 ஜனவரியில் வந்த தீர்ப்பு நுட்பமானது. செல்டனின் காப்புரிமை செல்லும். ஆனால் அது பிரெய்ட்டன் வகை எஞ்சின் கொண்ட வண்டிக்கு மட்டுமே. ஃபோர்டும் மற்றவர்களும் பயன்படுத்துவதோ ஓட்டோவின் வகை. எனவே உரிமை மீறல் இல்லை. செல்டனின் உரிமைப் பத்திரம் அன்றோடு வெறும் தாளாகிவிட்டது. ஃபோர்ட் காரைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் எவர் வேண்டுமானாலும் கார் செய்யலாம் என்ற நிலையை உருவாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

அழிக்கப்பட்ட பெயர்

இனி வியன்னாவுக்கு வருவோம். சீக்ஃபிரீட் மார்க்குஸ் 1831இல் வட யேர்மனியில் மால்ஹின் என்ற ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே வியன்னாவில் குடியேறி அங்கேயே 1898இல் மறைந்தார். 1870 அளவில், தள்ளுவண்டி போன்ற ஒரு சட்டத்தில் எஞ்சினைப் பொருத்திச் சோதித்தார். அதன் புகைப்படம் இருக்கிறது. பின்னர் முழுமையான நான்கு சக்கர வண்டியொன்றும் அவர் திட்டத்தில் உருவானது. அது 1875இல் செய்யப்பட்டது என்று நம்பிய ஒஸ்திரியர்கள் அவரையே காரின் தந்தையாகக் கொண்டாடினார்கள். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முன் அவருக்கு நினைவுச்சின்னமும் எழுந்தது.

1938இல் ஒஸ்திரியா நாசிகளின் கைக்குப் போனது. நினைவுச்சின்னம் அகற்றப்பட்டது. 1940 ஜூலையில் நாசிப் பிரசார அமைச்சு ஒரு கடிதம் எழுதியது. இனிமேல் வெளிவரும் பெரிய கலைக்களஞ்சியங்களில் காரை உருவாக்கியவர் மார்க்குஸ் என்று இருக்கக் கூடாது. டைம்லர், பென்ஸ் என்ற இரு யேர்மன் பொறியியலாளர்கள் என்றே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். காரணம் தொழில்நுட்பம் அல்ல, அவருடைய பிறப்பு. அவருடைய வண்டி மட்டும் போரைத் தாண்டிப் பிழைத்தது. போருக்குப் பின் நினைவுச்சின்னம் மீண்டும் நிறுவப்பட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் நீதி கிடைத்துவிட்டது என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் பின்னர் ஆவணங்களை ஆராய்ந்தவர்கள், அந்த நான்கு சக்கர வண்டி 1875இல் அல்ல, 1888–89இல்தான் செய்யப்பட்டது என்று கண்டார்கள். அதாவது பென்ஸுக்கும் டைம்லருக்கும் பிறகு.

இரண்டையும் சேர்த்தே நாம் மனதில் வைக்க வேண்டும். மார்க்குஸின் பெயரை அழித்தது அநீதி, அதில் ஐயமில்லை. அந்த அநீதிக்காக, பொருந்தாத ஆண்டை அவருக்குச் சூட்டுவதும் சரியாகாது. 1870இல் அவர் செய்த சோதனை உண்மை. அதற்குரிய இடம் மிகைப்படுத்தல் இல்லாமலே அவருக்கு உண்டு. அடக்கப்பட்டவர்களின் வரலாற்றை மீட்பவர்களுக்கு இது ஒரு பாடம். நாம் சொல்லும் ஒரு பிழையான ஆண்டு போதும், நம் உண்மைகளையும் சேர்த்துத் தள்ளிவிட எதிராளிக்கு வழி கிடைத்துவிடும்.

ஆகவே பிள்ளைகள் கேட்டால் ஒரே பெயரைச் சொல்லி முடிக்காதீர்கள். தானாக நகர்ந்த பெரிய வண்டியைச் செய்தவர் கூன்யோ. இன்றைய எஞ்சினைத் தந்தவர் ஓட்டோ. அதைக் காராக்கி விற்றவர் பென்ஸ். அது பயணத்துக்கு உதவும் என்று காட்டியவர் பேர்த்தா. இவர்களோடு மார்க்குஸின் பெயரையும், அது ஏன் ஒருகாலத்தில் நூல்களில் இல்லாமல் போனது என்பதையும் சொல்லுங்கள்.