மருந்தும் நாமும் – 14: தூக்கம் வராவிட்டாலும் மூளை மந்தம்தான்

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அதற்குப் பிறகு திருமலை மலைப்பாதை. 1944-இல் திறந்த பழைய பாதையில் இப்போது வண்டிகள் இறங்குகின்றன. 1974-இல் வந்த இரண்டாம் பாதையில் ஏறுகின்றன. இந்தத் தடத்தில் வேன் ஓட்டுகிறவருக்கு மூக்கு ஒழுகினால் நேரே மெடிக்கல் ஷாப்புக்குத்தான் போவார். "அண்ணா, ஜலதோஷத்துக்கு ரெண்டு மாத்திரை குடுங்க, சவாரி இருக்கு." அட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கிக் காகிதக் கவரில் போட்டுத் தருவார்கள். மருந்தின் பெயரும் எச்சரிக்கையும் மீதி அட்டையோடு கடையிலேயே தங்கிவிடும்.

அப்படி வாங்கும் ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமின் இருக்கும், கடைக்காரர்கள் 'சி.பி.எம்.' என்பார்கள். அரிப்புக்கு வாங்கும் அவிலில் இருப்பது அதன் நெருங்கிய உறவான பெனிரமின். தும்மலையும் அரிப்பையும் தூண்டும் ஹிஸ்டமினை இவை தடுக்கின்றன. ஆனால் அதே ஹிஸ்டமின்தான் மூளையில் நம்மை விழிப்போடு வைத்திருக்கிறது. இந்தப் பழைய தலைமுறை மருந்துகள் மூளைக்குள் எளிதில் நுழைந்து அந்த விழிப்பையும் மட்டுப்படுத்துகின்றன. குளோர்பெனிரமினில் பாதி அளவு உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகலாம். இரவு போட்ட மாத்திரை காலைச் சவாரியிலும் கூட வரும்.

"எனக்குத் தூக்கமே வரல" என்று சொல்லி ஸ்டியரிங் பிடிப்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், இதே வகையைச் சேர்ந்த டைஃபென்ஹைட்ரமின் 50 மில்லிகிராம் சாப்பிட்டவர்கள், மது அருந்தியிருந்தபோது ஓட்டியதைவிட மோசமாக ஓட்டினார்கள். எவ்வளவு தூக்கமாக இருக்கிறது என்று அவர்களே சொன்னதை வைத்து, அவர்கள் எவ்வளவு தடுமாறுவார்கள் என்று கணிக்க முடியவில்லை. புதிய தலைமுறை மருந்தான ஃபெக்ஸோஃபெனடின் சாப்பிட்டபோது அந்தத் தடுமாற்றம் இல்லை. அது மூளைக்குள் அதிகம் போவதில்லை. செட்டிரிசினும் புதிய தலைமுறைதான், ஆனால் சிலருக்குத் தூக்கம் தரும்.

முதியவர்களுக்கு ஆபத்து வேறு வகை. நினைவாற்றலுக்குத் தேவையான அசிட்டைல்கோலினையும் இந்தப் பழைய மருந்துகள் தடுக்கின்றன. வாய் உலரும், சிறுநீர் அடைபடும், இரவில் பேச்சு குழறும். 'வயசாயிடுச்சு' என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். 65 வயது கடந்த 3,434 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, இத்தகைய மருந்துகளை நெடுங்காலம் அதிகமாக எடுத்தவர்களிடம் மறதிநோய் கூடுதலாக இருந்ததைக் கண்டது. மருந்துதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் தினமும் ஒன்று போடும் பழக்கத்தை நிறுத்தி யோசிக்க அது போதும்.

குழந்தைகள் விஷயத்தில் அரசே தலையிட்டது. குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் கலந்த மருந்தை 4 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தரக்கூடாது என்று அட்டையில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டது.

ஆகவே பெயர் தெரியும்படி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். வண்டி ஓட்டுகிறவர் என்றால், வீட்டில் பெரியவர் இருக்கிறார் என்றால், அதை முதலில் சொல்லுங்கள். மூளைக்குள் அதிகம் போகாத மருந்து இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது, விலையும் எட்டாததல்ல.

(அடுத்த வாரம்: ஒவ்வாமை மருந்து தேடிய ஆய்வு, மனநோய் சிகிச்சையை மாற்றிய கதை)