கண்ணீரைத் தேக்கும் சின்னஞ்சிறு அடைப்பான்

கண்ணில் விட்ட சொட்டு மருந்து சற்று நேரத்தில் தொண்டையில் கசக்கும். அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. கண்ணாடி முன் நின்று, மூக்கை ஒட்டிய பக்கத்தில் கீழ் இமையை விரலால் மெல்லக் கீழே இழுத்துப் பாருங்கள். இமையின் விளிம்பில் ஒரு சிறு மேடும், அதன் நடுவே ஊசிமுனை அளவில் ஒரு புள்ளியும் தெரியும். அதுதான் கண்ணீர்த் துளை. அதன் குறுக்களவு ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். மேல் இமையிலும் இதேபோல் ஒன்று உண்டு. இரு துளைகளிலிருந்தும் புறப்படும் மெல்லிய குழாய்கள் கண்ணீர்ப் பையில் சேர்கின்றன. அங்கிருந்து கண்ணீர் மூக்கினுள் இறங்குகிறது.

நாம் இமைக்கும் ஒவ்வொரு முறையும் இந்தக் குழாய்கள் அழுந்தி விரிந்து, கண்ணில் உள்ள நீரைச் சிறு பம்புபோல உறிஞ்சிக்கொள்கின்றன. கண்ணீர் நன்றாகச் சுரப்பவருக்கு இது நல்ல ஏற்பாடு. பழைய நீர் போனால்தான் புதிய நீர் வந்து கண்ணைக் கழுவும். சுரப்பு குறைந்தவருக்கோ இருக்கும் கொஞ்ச நீரும் இந்த வழியே போய்விடுகிறது. அப்படியானால் வடிகாலை அடைத்துவிட்டால் என்ன? இந்த எளிய கேள்வியிலிருந்து பிறந்ததுதான் கண்ணீர்த் துளை அடைப்பான். அரிசி மணியைவிடச் சிறிய பொருள். பொருத்துவதற்கு அறுவை சிகிச்சை வேண்டாம்; சில நிமிடங்கள் போதும்.

இதைக் கேட்டவுடன் பலருக்கும் ஆசை வரும். நாள் முழுவதும் குளிரூட்டப்பட்ட அலுவலகத்தில் கணினித் திரையைப் பார்த்து, வீடு திரும்பும் ரயிலில் கைப்பேசியைப் பார்ப்பவர்களுக்குக் கண் உறுத்தல் புதிதல்ல. ஆனால் அடைப்பான் எல்லா வறண்ட கண்ணுக்கும் ஏற்றதன்று. அது கண்ணீரைச் சுரக்க வைப்பதில்லை. சுரந்ததைப் போகவிடாமல் வைத்திருக்கும், அவ்வளவுதான். அதனால் உங்கள் கண் எதனால் வறள்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

எந்த வகை வறட்சி?

கண்ணீர் என்றால் தண்ணீர் மட்டும் என்று நினைக்கிறோம். கருவிழி மேல் படர்ந்திருக்கும் கண்ணீர்ப் படலத்தில் மூன்று பொருள்கள் உண்டு. நீரைக் கண்ணோடு ஒட்ட வைக்கும் சளி அடியில். கண்ணீர்ச் சுரப்பி தரும் நீர் நடுவில். நீர் ஆவியாகாமல் மேலே மூடி நிற்பது எண்ணெய். இந்த எண்ணெயைத் தருபவை இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் மைபோமியன் சுரப்பிகள். அவை அடைபட்டால், நீர் போதுமான அளவு சுரந்தாலும் கண் காய்ந்துவிடும்.

ஆக வறட்சி இரு வகை. நீரே குறைவாகச் சுரப்பது ஒன்று. சுரந்த நீர் விரைவாக ஆவியாவது மற்றொன்று. இரண்டும் கலந்திருப்பவர்களும் நிறைய. நம் வட்டாரத்தில் கண் மருத்துவர்கள் அதிகம் பார்ப்பது எண்ணெய்ச் சுரப்பிகளின் கோளாறைத்தான். திரையும் இதில் சேர்ந்துகொள்கிறது. சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கும் நாம், திரையை உற்றுப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. இமைக்காத கண்ணில் எண்ணெயும் சரியாகப் பரவாது. இந்த வகையினருக்கு வெந்நீர் ஒத்தடமும் இமை விளிம்பைச் சுத்தம் செய்வதும் முதல் சிகிச்சை. அடைப்பான் அதற்குப் பிறகுதான்.

நீர் குறைவதற்கான காரணங்கள் வேறு. வயது ஒன்று, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது கூடுதலாக வருகிறது. ஒவ்வாமைக்கும் சளிக்கும் போடும் சில மாத்திரைகள் சுரப்பைக் குறைக்கும். இவற்றில் கடுமையானது ஷோகிரன் நோய். உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் சொந்தக் கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளையே தாக்கும் நோய் இது. சுவீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் 1933இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் இதை விரிவாக எழுதினார். பெண்களைத்தான் பெரிதும் பாதிக்கிறது. கண்ணோடு வாயும் வறண்டு, தண்ணீர் இல்லாமல் ரொட்டித் துண்டைக்கூட விழுங்க முடியவில்லை என்றால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அடைப்பானால் நல்ல பலன் பெற வாய்ப்புள்ளவர்கள் இத்தகையவர்களே.

“என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, எனக்கு எப்படிக் கண் வறட்சி?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. காய்ந்த கண் எரியும்போது, வெங்காயம் நறுக்கினால் வருவதைப்போல, மூளையின் கட்டளையில் திடீரென்று நீர் பெருகும். வந்த வேகத்தில் வழிந்தும் போகும். கண்ணின் மேல் தங்குவதில்லை.

எந்த வகை என்று கண்டறியும் சோதனைகள் எளியவை. கீழ் இமைக்குள் மெல்லிய தாள் பட்டை ஒன்றை ஐந்து நிமிடம் மாட்டி, எவ்வளவு தூரம் நனைகிறது என்று அளப்பார்கள். ஜெர்மானிய மருத்துவர் ஓட்டோ ஷிர்மர் 1903இல் சொன்ன முறை. இன்னமும் அவர் பெயரிலேயே நடக்கிறது. 5 மில்லிமீட்டர்கூட நனையாவிட்டால் சுரப்பு மிகக் குறைவு என்று பொருள். மற்றொன்றில், கண்ணில் மஞ்சள் சாயம் இட்டு, இமைக்காமல் இருக்கும்போது கண்ணீர்ப் படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்று பார்ப்பார்கள். 10 விநாடிக்குள் உடைந்தால் படலம் நிலையாக இல்லை. இந்தச் சோதனைகள் ஏதும் இன்றி ஒருவர் உங்களுக்கு அடைப்பான் பொருத்த முன்வந்தால், ஏன் என்று கேட்பதில் தவறில்லை.

சூடு வைத்ததிலிருந்து சிலிக்கோன் வரை

வடிகாலை அடைக்கும் யோசனை பழையது. 1935இல் அமெரிக்க மருத்துவர் பீத்தம், துளையைச் சுட்டு மூடும் முறையை எழுதினார். அது திரும்பப் பெற முடியாத சிகிச்சை. மூடிய பிறகு கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தால் என்ன செய்வது? இந்தச் சிக்கலுக்கு விடை தேடியவர் பிரிட்டிஷ் கண் மருத்துவர் வாலஸ் ஃபோல்ட்ஸ். தானே கரைந்துவிடும் ஜெலட்டின் குச்சிகளைக் கண்ணீர்க் குழாயில் செருகிப் பார்த்து, 1961இல் அதை வெளியிட்டார். முதலில் தற்காலிகமாக அடைத்துப் பார்க்கலாம், பலன் தெரிந்தால் மேலே போகலாம் என்ற வழி இதனால் கிடைத்தது. இவருக்கும் சிங்கப்பூருக்கும் தொடர்பு உண்டு. முதுமையில் இங்குள்ள கண் ஆய்வுக் கழகத்தோடு சேர்ந்து, ஒளியின் நிறம் கிட்டப்பார்வையைப் பாதிக்கிறதா என்று கோழிக்குஞ்சுகளை வைத்து ஆராய்ந்தார். அந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது.

இன்று பயன்படும் வடிவத்தைத் தந்தவர் அமெரிக்கரான ஃபிரீமன். 1975இல் அவர் அறிமுகம் செய்த சிலிக்கோன் அடைப்பான், உடுக்கைபோல இரு முனையும் பருத்து இடை சிறுத்தது. ஒரு முனை துளைக்குள் மாட்டிக்கொள்ளும். மற்றது இமை விளிம்பில் தொப்பிபோல வெளியே நிற்கும். வேண்டாம் என்றால் சிறு இடுக்கியால் எடுத்துவிடலாம்.

ஃபோல்ட்ஸ் காட்டிய வழிதான் இப்போதும். முதலில் கொலாஜனால் ஆன, சில நாளில் கரையும் அடைப்பானை வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு மூன்று மாதம் தாங்கும் வகைகளும் உண்டு. கண் இதமாக இருந்து நீரும் வழியாவிட்டால் சிலிக்கோனுக்குப் போகலாம். பெரும்பாலும் கீழ் இமைகளில்தான் தொடங்குவார்கள். மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, துளையை அளந்து, பொருத்தமான அளவைச் செருகுவார்கள். அளவு முக்கியம். சிறியது விழுந்துவிடும், பெரியது உறுத்தும்.

பொருத்திய பிறகு

சிலிக்கோன் அடைப்பானில் அடிக்கடி வரும் குறை, அது தானாகக் கழன்று விழுவது. கண்ணைக் கசக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதைக் கைவிட வேண்டும். விழுந்தால் ஆபத்தில்லை; வேறொன்று வைத்துக்கொள்ளலாம். கண்ணீர் கன்னத்தில் வழிந்தால் எடுத்துவிடலாம். வெளியே தெரியாமல் குழாய்க்குள் ஆழமாகப் போய் உட்காரும் வகைகளும் உண்டு. அவை உறுத்துவதில்லை. ஆனால் தொற்று வந்தால் எடுப்பது கடினம். சில வேளை அறுவை சிகிச்சைவரை போகும். என்னைக் கேட்டால், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருப்பதே மேல். மூக்கோரத்தில் வீக்கம், வலி, சீழ் கண்டால் காத்திருக்க வேண்டாம்.

இமையில் அழற்சி இருக்கும்போது அடைப்பது நல்லதல்ல. அழற்சியைத் தூண்டும் பொருள்கள் கண்ணீரில் கலந்திருக்கும். வடிகாலை மூடினால் அவையும் தேங்கி எரிச்சலைக் கூட்டும். முதலில் அதைத் தணித்துவிட்டுத்தான் அடைப்பான். இதே காரணத்தால், பொருத்திக்கொண்டவர்கள் பதனப்பொருள் சேராத சொட்டு மருந்தைக் கேட்டு வாங்குவது நல்லது.

உடலும் சும்மா இருப்பதில்லை. கண் நலமாக உள்ளவர்களுக்கு அடைப்பான் வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2001இல் வந்தது. அடைத்தவுடன் அவர்களின் கண்ணீர்ச் சுரப்பு குறைந்தது. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது.

பலன் உறுதியா என்றால், இன்னும் முழு விடை இல்லை. 2017இல் காக்ரேன் அமைப்பு 18 ஆய்வுகளை, 700க்கு மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களோடு, ஒன்றுசேர்த்து ஆராய்ந்தது. சிலருக்கு அறிகுறி குறைந்தாலும், ஆய்வுகள் சிறியவை, ஒன்றுக்கொன்று மாறுபட்டவை என்பதால் திட்டமாகச் சொல்ல முடியவில்லை என்றது. அதே ஆண்டு வெளிவந்த அனைத்துலக உலர்கண் வழிகாட்டியும் அடைப்பானை இரண்டாம் படியில்தான் வைத்தது. முதல் படியில் செயற்கைக் கண்ணீர், இமைப் பராமரிப்பு, சுற்றுச்சூழலை மாற்றுவது போன்றவை. குளிர்காற்று நேரே முகத்தில் அடிக்காதபடி நாற்காலியைத் திருப்பிப் போடுவதும் இதில் அடங்கும்.

வடிகாலின் வேலையை இன்றே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். புட்டியிலிருந்து விழும் ஒரு துளி மருந்து 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண்ணில் இயல்பாக நிற்கும் கண்ணீரோ 7 மைக்ரோலிட்டர் அளவுதான். மிச்சம் வழியும், அல்லது மூக்குக்குள் போகும். அடுத்த முறை மருந்து விட்டதும் கண்ணை மூடி, மூக்கோர முனையை விரல் நுனியால் இரண்டு மூன்று நிமிடம் மெல்ல அழுத்திக்கொள்ளுங்கள். தொண்டைக் கசப்பு குறையும். கண்ணழுத்த நோய்க்கு மருந்து விடுபவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லித்தரும் முறையும் இதுவே; மருந்து கண்ணில் தங்கும், உடலில் கலப்பது குறையும்.