‘இது பாதுகாப்பான தளம்’ என்று போன் சொல்வது யாரை நம்பி?

வங்கித் தளமோ, ஜிமெயிலோ, முகவரியில் ‘எச்டிடிபிஎஸ்’ இருந்தால் போதும், பயமில்லை என்பதுதான் பலரின் கணக்கு. 2011-ல் ஈரானில் ஜிமெயிலைத் திறந்தவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால், நடுவில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

சான்று கொடுப்பது யார்?

ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பொதுச் சாவி, ஒரு ரகசியச் சாவி உண்டு. ‘இந்தப் பொதுச் சாவி கூகுளுடையதுதான்’ என்று, நோட்டரி மாதிரி, ஒரு சான்றளிப்பு நிறுவனம் தன் ரகசியச் சாவியால் டிஜிட்டல் கையெழுத்துப் போடும். நம்பகமான நிறுவனங்களின் பட்டியல் போனிலேயே இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், பட்டியலில் உள்ள எந்த நிறுவனமும் எந்தத் தளத்துக்கும் சான்று கொடுக்க முடியும்.

என்ன நடந்தது?

நெதர்லாந்தின் டிஜிநோட்டார் அப்படியொரு நிறுவனம். அதற்குள் புகுந்த ஹேக்கர்கள் 2011 ஜூலையில் 500-க்கும் அதிகமான போலிச் சான்றிதழ்களை உருவாக்கினார்கள். அதில் ஒன்று கூகுள் பெயரில். சுமார் 3 லட்சம் ஐபி முகவரிகள் இதில் சிக்கின. கிட்டத்தட்ட எல்லாமே ஈரானைச் சேர்ந்தவை. பாஸ்வேர்டு, மெயில் எதுவும் ரகசியமாக இல்லை. அரசை விமர்சிப்பவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

கூகுளின் சரியான சாவிகள் எவை என்பது குரோமில் முன்பே பதிவாகியிருந்தது. ஆகஸ்ட்டில் ஈரான் பயனர் ஒருவருக்கு அது எச்சரிக்கை காட்ட, குட்டு வெளிப்பட்டது.

எங்கே கோட்டைவிட்டார்கள்?

சான்றிதழ் சர்வர்கள் எல்லாம் ஒரே நெட்வொர்க் குழுமத்தில் இருந்தன. ஒரு யூசர்நேம், ஒரு பாஸ்வேர்டு கிடைத்தால் அனைத்தையும் தொடலாம். சாவியைத் திருடவே தேவையில்லை. உள்ளேயிருந்தே கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஊடுருவல் ஜூலையிலேயே தெரிந்தும் நிறுவனம் வெளியே சொல்லவில்லை. பிரவுசர்கள் அதன் பெயரை நீக்கின. டச்சு அரசுத் தளங்களும் அதன் சான்றிதழ்களையே நம்பியிருந்ததால் அரசே நிர்வாகத்தில் இறங்கியது. செப்டம்பரில் நிறுவனம் திவால்.

இப்போது?

சான்றிதழ்களைப் பொதுப் பதிவேட்டில் ஏற்றும் முறை வந்துவிட்டது. 2018 முதல் புதிய சான்றிதழ்களுக்கு குரோம் இதைக் கட்டாயமாக்கியது. தன் பெயரில் யாராவது போலி எடுத்தால் தள உரிமையாளர் கண்டுபிடித்துவிடலாம்.

பயனர்கள் செய்ய வேண்டியது

* ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று எச்சரிக்கை வந்தால் அவசரத்தில் தாண்டிப் போகக் கூடாது.
* வைஃபைக்காகவோ, ஆப்புக்காகவோ ‘இந்தச் சான்றிதழை இன்ஸ்டால் பண்ணுங்க’ என்று முன்பின் தெரியாதவர் சொன்னால் மறுத்துவிட வேண்டும். அதை ஏற்றால், போனின் நம்பிக்கைப் பட்டியலில் அவரையும் சேர்த்ததாகிவிடும்.
* ‘எச்டிடிபிஎஸ்’ இருப்பதாலேயே தளம் நேர்மையானது என்று அர்த்தமில்லை. மோசடித் தளங்களும் சான்றிதழ் வாங்குகின்றன. முகவரியை எழுத்து எழுத்தாகப் பார்ப்பது நல்லது.