பூச்சியங்களும் கெழுக்களும்: மரவள்ளி நிலமொன்றின் அளவைக் கொண்டு ஒரு விளக்கம்

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து 2019-இல் பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலையின் உறைவிடப் பள்ளி மாணவரும் நகரப் பள்ளி மாணவரும் பத்தாம் வகுப்பில் ஒரே பொதுத்தேர்வை எழுதுகின்றனர். பூச்சியங்களைக் கெழுக்களோடு இணைக்கும் தொடர்பு பெரும்பாலும் மனப்பாடமாகவே நின்றுவிடுகிறது. அதன் பொருளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

0 என்னும் எண்ணும் பூச்சியம்; கோவையின் மதிப்பை 0 ஆக்கும் எண்ணும் பூச்சியம். ய − 7 என்பதன் பூச்சியம் 7. 'ஏழு எவ்வாறு பூச்சியமாகும்?' என மாணவர் திகைப்பது இயல்பே. சமன்பாட்டிற்கு வழங்கும் 'மூலம்' என்ற சொல்லில் இக்குழப்பம் இல்லை.

நிலத்தின் வழி விளக்கம்

இம்மாவட்டத்தில் மரவள்ளி மிகுதியாகப் பயிராகிறது. செவ்வக மரவள்ளி நிலமொன்றின் சுற்றுவேலி 100 மீட்டர், பரப்பு 600 சதுர மீட்டர் எனக் கொள்வோம். நீள அகலங்களின் கூடுதல் 50, பெருக்கற்பலன் 600. அவற்றைப் பூச்சியங்களாகக் கொண்ட கோவை ய² − 50ய + 600, அதாவது (ய − 20)(ய − 30). வேலியின் பாதி ய-இன் கெழுவிலும், பரப்பு மாறிலியிலும் அமர்ந்துள்ளன.

கூடுதலுக்கு முன் எதிர்க்குறி ஏன்? க(ய − அ)(ய − ஆ) என்பதை விரித்தால் க·ய² − க(அ + ஆ)·ய + க·அ·ஆ கிடைக்கும். ஒவ்வொரு காரணியிலும் உள்ள கழித்தலே அக்குறியைத் தருகிறது. கோவை முழுவதையும் 2-ஆல் பெருக்கினால் கெழுக்கள் மாறும், பூச்சியங்கள் மாறா. ஆதலின் முதற்கெழுவால் வகுத்தல் வேண்டும். மாணவர் மிகுதியாக மதிப்பெண் இழக்கும் இடம் இதுவே எனலாம்.

அதே வேலிக்குள் 700 சதுர மீட்டர் என ஒருவர் எழுதித் தந்தால், தன்மைகாட்டி 2500 − 2800 = −300. மெய்யெண் மூலங்கள் இல்லை. அத்தகைய செவ்வக நிலமும் இல்லை. பேரளவு 625 சதுர மீட்டரே. நிலத்தை மிதிக்காமலே பிழையைக் காட்டிவிடலாம்.

ஐந்தாம்படி

இத்தொடர்பு பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் வியத்தின் பெயரால் வழங்குகிறது. கும்பகோணத்தில் பள்ளி மாணவராயிருந்த இராமானுசன் 1902-இல் முப்படிச் சமன்பாட்டின் தீர்வை அறிந்து, நாற்படிக்குத் தாமே வழிகண்டார். அடுத்த ஆண்டு ஐந்தாம்படியை முயன்றார். பொதுவான ஐந்தாம்படிக்கு அடிப்படைச் செயல்களாலும் மூலமெடுத்தலாலும் அமைந்த சூத்திரம் இல்லை என்பதை ஏபெல் 1824-இலேயே நிறுவியிருந்தார். ஆயினும் ய⁵ − 6ய + 3 என்பதன் ஐந்து பூச்சியங்களில் ஒன்றையும் காணாமலே, கலப்பெண்கள் உட்பட அவற்றின் கூடுதல் 0 என்றும் பெருக்கற்பலன் −3 என்றும் கெழுக்களிலிருந்து கூறிவிடலாம்.